மாணவர் கையில் கணக்கேடு: மலாய்ப் பொருளாதார வளர்ச்சியில் பள்ளிக் கூட்டுறவுகள்

ஒரு சமூகத்தின் பொருளாதார முன்னேற்றத்தை அதன் பெயரில் பதிவாகியுள்ள பங்குகளைக் கொண்டு அளப்பதா, அல்லது வாங்கவும் விற்கவும் கணக்கு வைக்கவும் நட்டத்துக்குப் பொறுப்பேற்கவும் அதன் மக்களுக்கு உள்ள பயிற்சியைக் கொண்டு அளப்பதா என்ற கேள்வி, மலேசியாவின் மலாய்க்காரர்களைப் பற்றிய விவாதங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பங்குகளுக்குப் புள்ளிவிவரம் ஏராளமாக உண்டு. பயிற்சியை வளர்க்க அந்நாடு மேற்கொண்ட முயற்சிகளோ அவ்வளவாக எழுதப்படவில்லை. அவற்றுள் தோற்றத்தில் மிகச் சிறியதும் பரப்பில் மிகப் பெரியதும் பள்ளிக் கூட்டுறவு ஆகும். மாணவர்களே பங்குத்தொகை செலுத்தி உறுப்பினராகி, பள்ளி வளாகத்திலேயே ஒரு கடையை நடத்தி, ஆண்டு முடிவில் இலாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் இவ்வகைச் சங்கங்கள் இன்று மலேசியாவில் 2000க்கும் மேற்பட்டு இயங்குகின்றன. எல்லா இனத்து மாணவரும் இவற்றில் உறுப்பினராகலாம் என்றாலும், இவை தோன்றிய சூழலும் இவற்றைத் தோற்றுவித்தவரின் நோக்கமும் மலாய்க் கிராமத்து வறுமையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தவை.

பிரிட்டிஷ் ஆட்சியில் மலாயாவின் பொருளாதாரம் ஈயச் சுரங்கம், ரப்பர்த் தோட்டம், துறைமுக வணிகம் ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்தபோது, மலாய்க்காரர்களில் பெரும்பான்மையோர் நெல் வயலிலும் மீன்பிடிப்பிலும் சில ஏக்கர் ரப்பர்த் துண்டுகளிலும் தங்கியிருந்தனர். அறுவடைக்கு முந்திய மாதங்களில் அரிசிக்கும் துணிக்கும் பணம் தேவைப்படும் உழவர், ஊர்க்கடைக்காரரிடம் கடன் பெற்று, அதை அறுவடையின்போது நெல்லாகவே அளந்து கொடுக்கும் ‘பாடி குஞ்சா’ என்ற வழக்கம் கெடா முதலிய வட மாநிலங்களில் வேரூன்றியிருந்தது. நெல்லின் விலை கடன் வாங்கும் நேரத்திலேயே மிகக் குறைவாகத் தீர்மானிக்கப்பட்டுவிடுவதால், விளைச்சல் நன்றாக இருந்தாலும் உழவருக்கு மிஞ்சுவது சொற்பமே. நிலத்தை ஈடாக வைத்துப் பெரிய தொகை வாங்கியவர்கள் பலருக்குக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். மலாய்க்காரரின் நிலம் பிறர் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் 1913ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இயற்றப்பட ஒரு காரணமாயிற்று என்பதை நினைத்தால், தமிழ் வணிகச் சமூகம் ஒன்றின் வரலாறும் இக்கதைக்குள் வந்து சேர்கிறது.

நிலத்தைச் சட்டத்தால் காக்கலாம். கடனைச் சட்டத்தால் மட்டும் ஒழிக்க இயலாது. இதை உணர்ந்த காலனிய அரசு 1922ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தைக் கொண்டுவந்து, தனித் துறையும் அமைத்தது. ஆனால் அவ்வாண்டு முதலாவதாகப் பதிவான சங்கம் அஞ்சல், தந்தித் துறை ஊழியர்களுடையது. மாதச் சம்பளம் பெறுவோர் சிறு தொகை சேமித்துத் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் சிக்கனக் கடன் சங்கம் அது. தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் நடுவிலும் இத்தகைய சங்கங்கள் பெருகின. மலாய்க் கிராமங்களில் மட்டும் இயக்கம் மெல்லவே நகர்ந்தது. சம்பளம் என்ற ஒழுங்கான வரவு இல்லாதவரிடம் மாதச் சேமிப்பு எடுபடாதது ஒரு காரணம். வட்டி கொடுப்பதும் வாங்குவதும் இஸ்லாத்தில் விலக்கப்பட்டவை என்பதால், கடன் சங்கத்தின் அடிப்படையே சமய உணர்வுக்கு முரணாகப் பலருக்குத் தோன்றியது மற்றொரு காரணம். பொருள்களை வாங்கி விற்று, அதில் வரும் இலாபத்தைப் பங்கு ஈவாகப் பிரித்துக்கொள்ளும் நுகர்வோர் சங்கத்துக்கு இந்தத் தடை இல்லை. பின்னாளில் பள்ளிக் கூட்டுறவு கடன் சங்கமாக அமையாமல் கடையாக அமைந்ததன் பொருத்தம் இங்கேதான் உள்ளது.

அக்காலத்து மலாய்க் கல்வியும் வணிகத்துக்கு ஆள் தயாரிக்கவில்லை. 1905இல் தொடங்கிய கோல கங்சார் மலாய்க் கல்லூரி உயர்குடிப் பிள்ளைகளை அரசு அலுவலகத்துக்கு அனுப்பியது. கிராமத்துத் தாய்மொழிப் பள்ளிகளோ, உழவரின் மகனைச் சற்றே அறிவுள்ள உழவனாகவும் மீனவரின் மகனைச் சற்றே அறிவுள்ள மீனவனாகவும் ஆக்கினால் போதும் என்ற கொள்கையில் நடத்தப்பட்டன. 1922இல் தஞ்சோங் மாலிமில் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தோட்ட வேலையும் கூடை முடைதலும் பாடங்களாக இருந்தன. விளைவிக்கவும் முடையவும் கற்றுக்கொடுத்த அந்தக் கல்வி, விளைந்ததை எங்கே, என்ன விலைக்கு, யாரிடம் விற்பது என்பதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசு நேரடியாக இறங்கியது. 1950இல் தோற்றுவிக்கப்பட்ட ‘ரிடா’ என்னும் கிராமிய, தொழில் வளர்ச்சி வாரியத்துக்கு டத்தோ ஓன் ஜாபார் தலைமை ஏற்றார். 1965இல் கூடிய முதல் பூமிபுத்ரா பொருளாதார மாநாட்டைத் தொடர்ந்து, அது 1966இல் ‘மாரா’ என்ற பெயரில் மறுபிறப்பெடுத்தது. பூமிபுத்ரா என்பது மலாய்க்காரரையும் சபா, சரவாக் பூர்வகுடிகள் முதலியோரையும் குறிக்கும் அரசியல் சொல். கடன், பேருந்து உரிமம், மர உரிமம், ஒப்பந்தம் என்று வாய்ப்புகள் வழங்கப்பட்டன. உரிமம் மலாய்க்காரர் பெயரில் இருக்க, மூலதனமும் நிருவாகமும் சீன வணிகரிடம் இருக்கும் ‘அலி பாபா’ ஏற்பாடு அவற்றோடு கூடவே வளர்ந்தது. பெயரைக் கொடுத்தவருக்கு மாதந்தோறும் ஒரு தொகை வந்தது; தொழில் வந்து சேரவில்லை. வாய்ப்பை வழங்குவதற்கும் திறனை வளர்ப்பதற்கும் இடையிலுள்ள தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடைப்பது அரிது.

இந்தத் தொலைவைக் குறைக்கப் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து தொடங்க வேண்டும் என்று கருதியவர் பொருளியலறிஞர் உங்கு அப்துல் அசீஸ். ஜொகூர் அரச குடும்பத்தோடு உறவுடைய மரபில் 1922இல் இலண்டனில் பிறந்து, சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, ஜப்பானின் வசேடாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1968 முதல் 1988 வரை கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். பிறப்பால் அரண்மனைக்கு அருகிலிருந்த ஒருவர் தம் வாழ்நாள் ஆராய்ச்சியைக் கிராமத்து மலாய்க்காரரின் வறுமைக்குக் கொடுத்தார் என்பது பெரிதும் போற்றத்தக்கது. ஒரு வீட்டிலுள்ள சாரோங் துணிகளின் எண்ணிக்கையை அவ்வீட்டில் வாழ்வோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு அக்குடும்பத்தின் வறுமையை மதிப்பிடும் முறையை அவர் வகுத்தார். வருமானம் என்னவென்று கேட்டால் நாணத்தாலோ ஐயத்தாலோ சரியான விடை கிடைக்காத கிராமங்களில், கொடியில் காயும் துணி பொய் சொல்லாது என்பது அதன் அடிப்படை.

மலாய்க்காரரின் வறுமைக்கு அவர்களது சோம்பலும் விதியை நம்பும் மனப்போக்குமே காரணம் என்று எழுதுவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. 1967இல் பிரையன் பார்க்கின்சன் என்ற ஆய்வாளர் பொருளாதாரம் சாராத பண்பாட்டுக் காரணங்களை முன்னிறுத்தி எழுதினார். 1971இல் அம்னோ கட்சியின் இளைஞர் பிரிவு வெளியிட்ட ‘ரெவொலுசி மென்டல்’ என்ற நூலும் மனப்பான்மையை மாற்றுவதையே மருந்தாகக் கூறியது. சமூகவியலறிஞர் சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியான தம் நூலில், சோம்பேறிப் பூர்வகுடி என்ற பிம்பமே காலனிய ஆட்சியின் படைப்பு என்று நிறுவினார். உங்கு அசீஸின் விளக்கம் இன்னும் நேரடியானது. கிராமத்தில் விளைபொருளை வாங்குபவரும் ஒருவரே, வீட்டுப் பொருளைக் கடனுக்கு விற்பவரும் அவரே என்னும்போது, இருபுறமும் விலையைத் தீர்மானிக்கும் ஆற்றல் அந்த ஒருவரிடம் குவிகிறது. உழவர் எவ்வளவு உழைத்தாலும் உழைப்பின் பயன் அங்கேயே தங்கிவிடுகிறது. நோய் இதுவென்றால், வாங்குவதையும் விற்பதையும் உற்பத்தியாளரே கூடிச் செய்வதுதான் மருந்து. கூட்டுறவு மீது அவர் கொண்ட பற்றுக்கு வேர் இந்த ஆய்வு முடிவே.

1959இல் அவர் அளித்த ஓர் ஆய்வறிக்கை, மெக்காவுக்குப் புனிதப் பயணம் செல்ல விரும்பும் கிராமத்தார் நிலத்தையும் மாட்டையும் விற்றுச் சென்று திரும்பி வந்து வறுமையில் விழுவதைச் சுட்டிக்காட்டி, வட்டியில்லாச் சேமிப்பு நிறுவனம் ஒன்றை அமைக்கப் பரிந்துரைத்தது. 1963இல் செயற்படத் தொடங்கிய அத்திட்டம் இன்று ‘தாபோங் ஹாஜி’ என்ற மாபெரும் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அவரது ஆய்வு தமிழர் வாழ்வையும் தொட்டது. 1950களில் பிரிட்டிஷ் உரிமையாளர்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, தலைமுறைகளாக அங்கே உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் வேலையும் குடியிருப்பும் இழந்தபோது, அத்தோட்டத் துண்டாடலை விரிவாக ஆராய்ந்து எழுதியவர்களுள் அவர் முதன்மையானவர். அதே நெருக்கடிக்கு விடையாக 1960இல் அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் மாதாந்திரச் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். மலாய் உழவருக்கும் தமிழ்த் தொழிலாளருக்கும் வெவ்வேறு திசையிலிருந்து வந்த துன்பத்துக்கு ஒரே மருந்து நாடப்பட்டது என்பது மலேசியப் பொருளாதார வரலாற்றில் இன்னும் போதிய கவனம் பெறாத செய்தி.

பள்ளிக் கூட்டுறவு 1968இல் சில இடைநிலைப் பள்ளிகளில் சோதனை முயற்சியாகத் தொடங்கப்பட்டது. 1971 மே மாதம் நாட்டின் கூட்டுறவுச் சங்கங்களுக்கெல்லாம் உச்ச அமைப்பாக ‘அங்காசா’ பதிவுபெற்று, உங்கு அசீஸ் அதன் தலைவரானபின், பள்ளிகளில் சங்கம் அமைப்பது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. மாணவர் சேர்கையில் சில வெள்ளி (ரிங்கிட்) பங்குத்தொகை செலுத்துகிறார். தொகை எவ்வளவாக இருந்தாலும் பொதுக்கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு வாக்குதான். பங்குகளின் எண்ணிக்கைக்கேற்ப வாக்கு கிடைக்கும் நிறுவனத்திலிருந்து கூட்டுறவைப் பிரித்துக் காட்டும் முதல் விதி இதுவே. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த நிருவாகக் குழு தேர்ந்தெடுக்கப்படுகிறது. எழுதுபொருள், பாடநூல், பள்ளிச் சீருடை, தின்பண்டம் ஆகியவற்றை மொத்தமாக வாங்கி விற்பது அடிப்படை வேலை. விடுதியுள்ள பள்ளிகளில் சலவையகமும், வேறு சிலவற்றில் நகலெடுப்பு நிலையமும் கல்விச் சுற்றுலா ஏற்பாடும் பின்னர்ச் சேர்ந்துகொண்டன.

இவற்றில் எதுவும் பெரிய வணிகமன்று. ஆயினும் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவர் எதைச் செய்ய நேர்கிறது என்று பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும். காலையில் சரக்கை எண்ணி ஏட்டில் பதிய வேண்டும். மாலையில் பெட்டியிலுள்ள பணமும் விற்பனைக் கணக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் குறிப்பேடு விற்கும், எது அலமாரியிலேயே மங்கும் என்று முன்கூட்டி ஊகிக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையைச் சக மாணவர் முன் வைத்து, அவர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். இலாபத்தில் சட்டப்படி ஒரு பகுதியைக் காப்பு நிதியில் சேர்த்து, கூட்டுறவுக் கல்விக்கான நிதிக்குரியதைச் செலுத்தி, மிச்சத்தைப் பங்கு ஈவாகக் கொடுப்பதா கடையை விரிவாக்குவதா என்று வாக்கெடுக்க வேண்டும். ஊர்க்கடையின் கணக்கேடு எப்போதும் கடைக்காரரிடமே இருந்த ஒரு கிராமத்திலிருந்து வரும் பிள்ளையின் கையில் அந்த ஏடு வந்து சேர்வது சிறிய மாற்றமன்று.

இவ்வியக்கம் வேர்கொண்ட அதே காலத்தில் நாட்டின் பொருளாதாரக் கொள்கை வேறொரு பாதையில் விரைந்தது. 1969 மே 13ஆம் நாள் வெடித்த இனக் கலவரத்துக்குப் பின் 1971இல் அறிவிக்கப்பட்ட புதிய பொருளாதாரக் கொள்கை, வறுமையை இனப் பாகுபாடின்றி ஒழிப்பது, இனத்தையும் தொழிலையும் ஒன்றாகக் காணும் நிலையை மாற்றுவது ஆகிய இரு நோக்கங்களைக் கொண்டிருந்தது. 1970இல் தீபகற்ப மலேசியாவின் குடும்பங்களில் 49.3 விழுக்காடு வறுமையில் இருந்தன. நிறுவனப் பங்கு மூலதனத்தில் மலாய்க்காரருக்குரியது 2.4 விழுக்காடே. இதை 1990க்குள் 30 விழுக்காடாக உயர்த்துவது இலக்கு. அதற்காக 1978இல் தேசிய முதலீட்டு நிறுவனமும், 1981இல் ‘அமானா சாஹாம் நேஷனல்’ என்ற முதலீட்டுத் திட்டமும் வந்தன. சாதாரண மலாய்க்காரர் சிறு தொகைக்கு அலகுகளை வாங்க, அவர் சார்பில் வல்லுநர்கள் பெரிய நிறுவனங்களின் பங்குகளை நிருவகித்தனர். வறியவர் கைக்கும் ஈவுத்தொகை வந்தது என்பதை மதிக்க வேண்டும்; ஆனால் அலகு வைத்திருப்பவருக்கு எந்தக் கூட்டத்திலும் முடிவெடுக்கும் வேலை இல்லை. பள்ளிக் கூட்டுறவில் சில வெள்ளிப் பங்குள்ள மாணவரிடம் இருந்த பொறுப்பு, பல ஆயிரம் வெள்ளிக்கு அலகு வைத்திருந்த அவருடைய தந்தையிடம் இல்லாமற்போயிற்று.

கிராமக் கூட்டுறவுகளும் இதே காலத்தில் தம் தன்மையை இழந்தன. 1973இல் அமைக்கப்பட்ட உழவர் அமைப்பு வாரியத்தின் கீழ் வேளாண் கூட்டுறவுச் சங்கங்கள் கொண்டுவரப்பட்டு, உரமும் மானியமும் விநியோகிக்கும் அரசுக் கிளைகளைப்போல ஆயின.

கிராமத்து வறுமை மாணவர்களைத் தெருவுக்கும் கொண்டுவந்தது. 1974இன் இறுதியில் ரப்பர் விலை வீழ்ந்து கெடாவின் பாலிங் வட்டாரத்தில் சிறு தோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடியபோது, கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்கள் அவர்களுக்கு ஆதரவாக டிசம்பர் 3ஆம் நாள் ஆர்ப்பாட்டம் செய்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். அப்போது துணைவேந்தராக இருந்தவர் உங்கு அசீஸ். மறு ஆண்டு பல்கலைக்கழகச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள், மாணவர் அமைப்புகள் அரசியலில் ஈடுபடுவதை மட்டுமன்றி, அவை பணம் திரட்டுவதையும் தடை செய்தன. இத்தடையின் பொருளாதார விளைவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பள்ளியில் பணப்பெட்டியைப் பொறுப்போடு கையாண்ட மாணவர், பல்கலைக்கழகம் சென்றதும் தம் சங்கத்துக்காக நிதி திரட்டும் உரிமையற்றவரானார்.

பல்கலைக்கழகங்களின் கவனம் பின்னர்த் தொழில்முனைவோர் பயிற்சியின் பக்கம் திரும்பியது. ரிடாவின் பயிற்சி நிலையமாகத் தொடங்கி 1999இல் பல்கலைக்கழகமான மாரா தொழில்நுட்பக் கழகம் 1970களிலேயே தொழில்முனைவோர் வளர்ச்சி மையம் ஒன்றை நிறுவியது. 2010இல் உயர்கல்விக் கூடங்களுக்கான தொழில்முனைவோர் வளர்ச்சிக் கொள்கையும், 2019இல் 2030ஐ நோக்கிய தேசியத் தொழில்முனைவோர் கொள்கையும் வெளியாயின. இப்பயிற்சிகள் தனிமனிதரை மையமாகக் கொண்டவை. துணிந்து இறங்கும் ஒருவர் வெல்வதே அவற்றின் கனவு. கூட்டுறவு பலர் சேர்ந்து ஆபத்தைப் பகிர்ந்துகொள்வதை மையமாகக் கொண்டது. இரண்டும் பகையல்ல. சொத்துப் பின்புலம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு முதல் முயற்சியின் தோல்வியைத் தனியே தாங்கும் வலு இராது என்பதால், கூட்டாகச் செய்யும் பயிற்சி அவருக்கு முதலில் தேவைப்படுகிறது. ஆனால் கொள்கை வகுப்போர் இவ்விரண்டையும் ஒரே படிவரிசையில் வைத்துப் பார்த்ததற்கான அடையாளம் குறைவு.

பள்ளிக் கூட்டுறவின் குறைகளை மறைப்பது அதற்குச் செய்யும் நன்மையாகாது. பள்ளிக்குள் போட்டிக் கடை இல்லாததால், வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்கும் திறன் அங்கே வளர்வதில்லை. பல பள்ளிகளில் கொள்முதலையும் கணக்கையும் பொறுப்பாசிரியரே பார்த்துக்கொள்ள, மாணவர்கள் விற்பனை மேசையில் நிற்பவர்களாக மட்டும் ஆகிவிடுகின்றனர். தேர்வு நெருங்கும்போது பெற்றோர் இதைக் கவனச் சிதறலாகக் காண்பதும், தணிக்கையில் குறை வந்தால் பொறுப்பு ஆசிரியர் தலையில் விழும் என்ற அச்சமும் இதற்குக் காரணங்கள். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 1986இல் வைப்புத்தொகை திரட்டிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் செயற்பாட்டை மத்திய வங்கி முடக்கியபோது, இலட்சக்கணக்கான எளிய மக்களின் சேமிப்பு சிக்கிக்கொண்டு, கணக்கில் கண்காணிப்பில்லாத கூட்டுறவு என்ன ஆகும் என்பதை நாடே கண்டது. 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டமும் 2008இல் செயற்படத் தொடங்கிய கூட்டுறவு ஆணையமும் கண்காணிப்பை இறுக்கின. இறுக்கம் பெருகப் பெருக ஆசிரியரின் கை ஓங்குவதும், மாணவர் தவறு செய்து கற்கும் இடம் சுருங்குவதும் இயல்பாக நிகழ்கின்றன. சிறு தொகையில் நேரும் நட்டத்தைப் பள்ளி ஏற்கத் தயங்கினால், அப்பாடத்தை மாணவர் பின்னாளில் பெருந்தொகை இழந்துதான் கற்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை பள்ளிப் படிப்பு முடியும் நாளில் நேர்கிறது. மாணவர் வெளியேறும்போது அவருடைய உறுப்புரிமை முடிந்து பங்குத்தொகை திரும்பக் கிடைக்கிறது. ஐந்து ஆண்டு கூட்டுறவு நடத்திப் பழகியவரை ஏற்றுக்கொண்டு அடுத்த படிக்கு அழைத்துச் செல்லும் இளைஞர் சங்கம் பெரும்பாலான ஊர்களில் இல்லை. அவர் அரசுப் பணியில் சேர்ந்தால், அங்கே சந்திக்கும் கூட்டுறவு பெரும்பாலும் கடன் கொடுக்கும் சங்கமே. தவணை அங்காசாவின் ஏற்பாட்டின் வழியே சம்பளத்திலிருந்து நேராகப் பிடிக்கப்படுகிறது. மலேசியக் கூட்டுறவுகளின் சொத்தில் பெரும்பகுதி இன்று இத்தகைய நிதித் துறையிலும் கூட்டுறவு வங்கியான பேங்க் ராக்யாட்டிலும் குவிந்திருக்க, விற்பனையிலும் உற்பத்தியிலும் ஈடுபடும் சங்கங்கள் சிறுத்தே நிற்கின்றன. பள்ளியில் சரக்கெண்ணி, விலை பேசி, பொதுக்கூட்டத்தில் விடை சொன்ன அதே மனிதர் முப்பது வயதில் கூட்டுறவுக்குள் நுழைவது வாகனத்துக்கோ திருமணத்துக்கோ கடன் கேட்கும் விண்ணப்பதாரராகத்தான். உழவரின் நெல்லையும் சிறு தோட்டக்காரரின் ரப்பரையும் கூடி விற்க வேண்டும் என்று உங்கு அசீஸ் காட்டிய வேலைக்கு அவரை யாரும் அழைப்பதில்லை.